எச்-1பியில் இருப்பவர் துப்பாக்கி ரேஞ்சுக்குப் போகும் முன்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். ஹூஸ்டனுக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது, எச்-1பி வேலை விசா. டீமில் ஒருவர் புதிதாக வாங்கிய இரண்டு கைத்துப்பாக்கிகளைச் சோதித்துப் பார்க்கச் சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போகிறார், உங்களையும் கூப்பிடுகிறார். "காலேஜில் என்.சி.சி.யில் .22 ரைஃபிள் சுட்டதோடு சரி. ஏதாவது தப்பு செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. புதிதாகப் போகிறவர்கள் என்ன தவறு செய்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பயம் நல்லது, கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

ரேஞ்சுக்குள் நுழைவதற்கு முன்பே நம்மவர்கள் செய்கிற தவறு ஒன்று இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி, குடியேற்ற விசா இல்லாமல் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. எச்-1பி, அதில் இருப்பவரின் குடும்பத்துக்கான எச்-4, மாணவர்களுக்கான எஃப்-1 எல்லாம் இதில் அடங்கும். 1998 முதல் இதுதான் சட்டம். "நான் வாங்கவில்லையே, நண்பருடையதைக் கையில் வாங்கி நாலு முறை சுட்டேன், அவ்வளவுதானே" என்பது செல்லாது. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்தாலும் அது வைத்திருப்பதாகத்தான் கணக்கு. தெரிந்தே உங்கள் கையில் கொடுப்பவரும் மாட்டிக்கொள்வார்.

இதற்கு விதிவிலக்கு உண்டு. ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் தடை இல்லை. டெக்சஸில் அதைப் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறை தருகிறது, ஆன்லைனிலேயே வாங்கலாம். டெக்சஸில் தொடர்ந்து ஆறு மாதம் வசிக்காதவர்களுக்குக் கட்டணம் கூடுதல். வருடாந்தர உரிமம் ஆகஸ்ட் 31ஓடு முடிந்துவிடும். போன வருட உரிமத்தைப் பர்ஸில் வைத்துக்கொண்டு செப்டம்பரில் ரேஞ்சுக்குப் போகிறவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. உங்கள் விசா நிலையில் சிக்கல் ஏதாவது இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் எதையும் தொட வேண்டாம்.

நான் பயமுறுத்தவில்லை. ஃபுளோரிடாவில் படிக்க வந்த ஐக்கிய அரபு அமீரக மாணவர் ஒருவரைக் கல்லூரி நீக்கிவிட்டது, அதோடு விசா தகுதியும் போனது. அதன் பிறகு அவர் ஒரு ரேஞ்சில் தோட்டா வாங்கி, துப்பாக்கி வாடகைக்கு எடுத்துச் சுட்டார். 18 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. ரெஹைஃப் வழக்கு என்று அதற்குப் பெயர். தன் விசா நிலை அவருக்குத் தெரிந்திருந்ததை அரசு நிரூபித்திருக்க வேண்டும் என்று சொல்லி, 2019இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துசெய்தது. வழக்கு அங்கே போய்ச் சேர்வதற்குள் அந்தப் பையன் பட்ட பாட்டை யோசித்துப் பாருங்கள். அதனால் இந்தச் சனிக்கிழமை உரிமம் கையில் இல்லையென்றால் நண்பரோடு போய் எதையும் தொடாமல் பார்த்துவிட்டு வாருங்கள். பார்த்தே நிறையக் கற்கலாம்.

சரி, இப்போது உள்ளே வருவோம். ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்க மரைன் படை அதிகாரி வகுத்த நான்கு விதிகளை எந்த ரேஞ்சிலும் ஏதோ ஒரு வடிவில் சுவரில் பார்ப்பீர்கள். எல்லாத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே நினை. அழிக்க விரும்பாத எதையும் நோக்கிக் குழலைத் திருப்பாதே. குறி பார்க்கும்வரை டிரிக்கரில் விரல் வைக்காதே. இலக்கையும் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள். நாலும் முக்கியம். ஆனால் குழல் விஷயத்தை நான் தனியாக எடுத்து வைப்பேன். விரல் தவறி அழுந்தலாம், தோட்டா வெடிக்காமல் போகலாம், துப்பாக்கியே பழுதாக இருக்கலாம். குழல் மட்டும் இலக்குப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் குண்டு மண்மேட்டில் போய்ப் புதையும். நீங்களும் என்ன தவறு என்று கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். குழல் திரும்பியிருந்தால் அந்த வாய்ப்பு கிடைக்காது.

புதியவர்களிடம் நான் அதிகம் பார்ப்பதும் இந்தத் தவறுதான். முதல் முறை சுட்டதும் சந்தோஷத்தில் "பார்த்தியா!" என்று நண்பர்கள் பக்கம் அப்படியே திரும்புவார்கள். துப்பாக்கியும் கூடவே திரும்பும். போட்டோ என்றால் இன்னும் மோசம், பின்னால் போன் பிடித்திருப்பவரைப் பார்த்து உடம்பு முழுக்கத் திரும்பிச் சிரிப்பார்கள். நம்மவர்கள் லாங் வீக்கெண்டில் கும்பலாகப் போகும்போது இது கண்டிப்பாக நடக்கிறது. எனக்கு வயிறு கலங்கும் இடம் அதுதான். பேச வேண்டுமென்றால் துப்பாக்கியை மேசையில் இலக்கு நோக்கி வைத்துவிட்டு, கையை எடுத்துவிட்டு, அப்புறம் திரும்புங்கள். சுடச்சுட வெளியே தெறிக்கும் காலித் தோட்டாக்கூடு சட்டைக் கழுத்துக்குள் விழுந்தாலும் இதே கதைதான். சுரீரென்று சுட்டதும் கை தானாக உதறும். கழுத்தை ஒட்டிய டி-ஷர்ட்டும் முன்பக்கம் மூடிய காலணியும் போட்டுப் போங்கள். அப்படியும் விழுந்தால், முதலில் துப்பாக்கியைக் கீழே வையுங்கள், சூட்டைப் பிறகு பார்க்கலாம்.

உங்கள் நண்பர் புதுத் துப்பாக்கியைச் சோதிக்கப் போகிறார் என்பதால் இதையும் சொல்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் முதலில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுவார்கள். பிறகு இரண்டு போட்டு, ஒரு அழுத்துக்கு ஒன்றுதான் போகிறதா என்று பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் தோட்டாக்களை அடுக்கும் மேகசினை நிரப்புவார்கள். இந்த வழக்கம் புதிதாகச் சுடுகிறவருக்கும் பொருந்தும். 2014 ஆகஸ்டில் அரிசோனாவில் ஒரு ரேஞ்சில், ஒன்பது வயதுச் சிறுமி ஊஸி என்ற சிறு இயந்திரத் துப்பாக்கியைச் சுட்டபோது அது தொடர்ச்சியாகச் சுடும் நிலைக்கு மாற்றப்பட்டிருந்தது. சுடும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும்; அந்த உதையில் அது கையை மீறி மேலே திரும்ப, பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்த பயிற்சியாளர் இறந்துபோனார். எதையும் முதன்முதலாகச் சுடும்போது "ஒரு தோட்டா மட்டும் போடுங்கள்" என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

இரண்டு துப்பாக்கிக்கும் வெவ்வேறு அளவுத் தோட்டா என்றால், மேசையில் ஒரு நேரத்தில் ஒரு பெட்டித் தோட்டாதான் இருக்க வேண்டும். டிரிக்கரை அழுத்தியும் வெடிக்கவில்லையா? உடனே எட்டிப் பார்க்காதீர்கள். குழலை இலக்குப் பக்கமே வைத்து முப்பது விநாடி காத்திருங்கள், தாமதமாக வெடிக்கலாம். "டப்" என்று மெலிதாகச் சத்தம் வந்து உதையே இல்லையென்றால் குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கலாம். நிறுத்தி, அங்கே பாதுகாப்பைக் கவனிக்கும் ரேஞ்ச் ஆஃபீசரைக் கூப்பிடுங்கள். யாராவது வீட்டில் தானே அடைத்த தோட்டா என்று நீட்டினால், நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

இனி குறி தவறுவது பற்றி. இதில்தான் தாராளமாகத் தவறு செய்யலாம், எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான். வலது கைக்காரர்களுக்குப் பெரும்பாலும் குண்டுகள் கீழே இடப்பக்கம் போய் விழும். உதைக்கப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே துப்பாக்கியை அழுத்திவிடும். புதியவர்கள் சைட் (துப்பாக்கியின் மேல் உள்ள குறிபார்க்கும் பாகம்) கோணல் என்று சொல்லி அதைத் திருகத் தொடங்குவார்கள். மேகசினில் நல்ல தோட்டாக்களோடு ஒரு போலித் தோட்டாவைக் கலந்து தரச் சொல்லுங்கள். அது வரும்போது வெடிக்காது, குழல் நுனி மட்டும் சட்டென்று குனியும். அதைக் கண்ணால் பார்த்தபின் யாரும் சைட்டைக் குறை சொல்வதில்லை. துப்பாக்கியைச் சோதிப்பதென்றால் மணல் மூட்டையில் கையைத் தாங்கி, ஒரே புள்ளியைக் குறிவைத்து ஐந்து முறை சுடுங்கள். ஐந்தும் ஓரிடத்தில் கூடி, ஆனால் மையம் தள்ளியிருந்தால் சைட்டைத் தொடலாம். சிதறியிருந்தால் பிடியிலும் டிரிக்கர் விரலிலும் வேலை இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இலக்கு அட்டையிலேயே என்ன மாற்றினீர்கள் என்று எழுதி வையுங்கள்.

ரேஞ்ச் ஆஃபீசர் கத்தினால் மனம் நோக வேண்டாம். காதுக்கவசம் போட்டிருப்பவர்களிடம் கத்தித்தான் சொல்ல முடியும். "சீஸ் ஃபயர்" என்று யார் சொன்னாலும் உடனே நிறுத்தி, கோட்டுக்குப் பின்னால் வந்துவிடுங்கள். ஆபத்தைக் கண்டால் நீங்களும் சொல்லலாம், புதியவர் என்று தயங்காதீர்கள். உள்ளரங்கு ரேஞ்ச் என்றால் காதுக்குள் அடைப்பானும் மேலே கவசமும் இரண்டும் வேண்டும். துப்பாக்கிச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும்.

உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போதே வேட்டைப் பாதுகாப்பு வகுப்பிலும் சேர்ந்துவிடுங்கள். டெக்சஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டையாட அது கட்டாயம், ரேஞ்சுக்கு மட்டும் போகிறவருக்கும் நிறையச் சொல்லிக்கொடுக்கும். உரிமம் வந்தபின் சுடும் முதல் நாள் நண்பரின் 9 எம்எம் வேண்டாம், ரேஞ்சிலேயே உதை குறைவான .22 ஒன்றை வாடகைக்குக் கேளுங்கள். சுட்டு முடித்ததும் கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள், கழுவும்வரை எதையும் சாப்பிடாதீர்கள். தோட்டாப் புகையில் ஈயம் இருக்கிறது, துணியிலும் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் குழந்தை இருந்தால் தூக்குவதற்கு முன் உடையை மாற்றிவிடுங்கள்.