பொண்ணு சமூகவியல் கேட்கிறாள், சேர்க்கலாமா?

அம்மா, பிளஸ் டூ முடித்த உங்கள் பொண்ணு பி.ஏ. சமூகவியல்தான் வேண்டும் என்கிறாள், வீட்டிலோ "அதைப் படித்து என்ன கிழிக்கப்போகிறாள்" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பயம் நியாயமானது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆய்வுமுறைத் தாளையும் புள்ளியியலையும் ஆசையோடு படிக்கிற பிள்ளைக்கு இந்தப் படிப்பு கண்டிப்பாகச் சோறு போடும். இந்தப் பாடத்தின் முன்னோடிகளான துர்கைம், மார்க்ஸ், வெபர் சொன்னதை மனப்பாடம் செய்து ஒப்பித்தால் மூன்று வருஷம் வீண்.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சமூகவியல் வேறு, சமூகப்பணி வேறு. மருத்துவமனை, குழந்தைகள் காப்பகம் மாதிரி இடங்களில் பெரும்பாலும் எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி முதுகலைப் பட்டம் கேட்பார்கள். சமூகவியல் முடித்தவர்கள் அப்புறம் அதில் சேரலாம்.

கோட்பாடு என்றதும் மிரள வேண்டாம். உங்கள் ஊர்க் கோயில் திருவிழாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊரே ஒன்றுகூடித் தேர் இழுப்பதைத் துர்கைம் வழியில் வந்தவர்கள் பார்த்தால், ஊரைக் கட்டிவைக்கிற சடங்கு என்பார்கள். மார்க்ஸ் வழியில் வந்தவர்கள் மண்டகப்படி யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை, தேர் எந்தத் தெருவுக்குள் போகவில்லை என்று கேட்பார்கள். மூன்றாவது கூட்டம் ஒன்று உண்டு. பரிவட்டம் கட்டும்போது யார் முன்னால் நிற்கிறார், யார் தானாக ஒதுங்குகிறார் என்று நுணுக்கமாகப் பார்ப்பவர்கள். மூன்றும் தெரிந்த பிள்ளைக்கு ஊர் வேறு மாதிரி தெரியும்.

இந்தப் பாடத்துக்கும் நம் டெல்டாவுக்கும் நெருங்கிய உறவு உண்டு. மானிடவியலாளர் கேத்லீன் கஃப் 1950களின் தொடக்கத்தில் தஞ்சைக் கிராமங்களில் தங்கி ஆராய்ந்தார். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றில் தங்கினார். அதற்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர் வைத்து 1965இல் புத்தகம் எழுதினார். முன்பு சாதி மேன்மை, நிலம், அதிகாரம் மூன்றும் ஒரே கையில் இருந்தன. பிறகு அவை தனித்தனியாகப் பிரிந்தன என்று காட்டினார். அவர் தங்கியது அக்ரஹாரத்தில். அதனாலேயே சேரி மக்களிடம் தாராளமாகப் பழக முடியவில்லை என்பதையும் அவரே பதிவு செய்திருக்கிறார். எந்தத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறோமோ, அதைப் பொறுத்துத்தான் பதில் வரும்.

ஆய்வுமுறைத் தாளின் உயிரே இதுதான். "உங்களுக்கு எவ்வளவு நிலம்?" என்று ஒரு கேள்வியை எழுதி நம் பக்கம் எடுத்துப் போனால் என்ன ஆகும்? பட்டா செத்துப்போன தாத்தா பெயரில் இருக்கும். உழுவது மடத்து நிலமாகவோ கோயில் நிலமாகவோ இருக்கும். குத்தகை வாய்மொழியாக இருக்கும், அதை வெளியே சொல்லப் பயம். ஒருவர் "இரண்டு மா" என்பார், அடுத்தவர் ஏக்கரில் சொல்வார். காலையில் டீக்கடையில் கேட்டால் ஆம்பளைகள் பதில் மட்டும் கிடைக்கும். நடவுக் கூலியைப் பண்ணைக்காரர் எதிரில் கேட்டால் ஒரு தொகை, நடவு நடுகிற அம்மா வீட்டு வாசலில் கேட்டால் வேறு தொகை. கேள்வியை எப்படி உடைப்பது, யாரை மாதிரியாக எடுப்பது, எங்கே வைத்துக் கேட்பது என்பதெல்லாம் கற்றுத் தேற வேண்டிய தொழில். கணக்கெடுப்பு நிறுவனங்களும் தொண்டு நிறுவனங்களும் சந்தை ஆய்வு செய்பவர்களும் சம்பளம் கொடுப்பது இந்தத் திறமைக்குத்தான்.

ஆனால் பி.ஏ. முடித்த கையோடு பெரிய சம்பளம் எதிர்பார்க்காதீர்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுகளில் பெரும்பாலான பதவிகளுக்கு எந்தப் பட்டமும் போதும், சமூகவியல்தான் வேண்டும் என்றில்லை. குடிமைப் பணித் தேர்வில் சமூகவியலை விருப்பப் பாடமாக எடுக்கலாம். இரண்டு தாள், 500 மதிப்பெண். கல்லூரி ஆசிரியராக வேண்டுமென்றால் எம்.ஏ., நெட் தகுதித் தேர்வு என்று வருஷங்கள் ஆகும். அதுவரை வீடு தாங்குமா என்று இப்போதே உட்கார்ந்து பேசுங்கள்.

கல்லூரிக்குப் போகும்போது இரண்டு விஷயம் விசாரியுங்கள்: கடைசி வருஷம் களப்பணி உண்டா, புள்ளியியலைக் கணினியில் சொல்லித் தருகிறார்களா.

அதற்கு முன்னால், குறுவை நடவு நடக்கிற இந்த நேரத்தில் உங்கள் தெருவில் பத்து வீட்டுக்குப் போய், யார் யாருக்கு என்ன வேலை, எத்தனை நாள் என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். நாலு வீட்டோடு அலுத்துத் திரும்பினால் பி.காம். பற்றி யோசிக்கலாம். "கேள்வியே தப்பும்மா, மாத்திக் கேக்கணும்" என்று வந்து நின்றால் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.