நான்கு வயதில் எழுத வரவில்லையே என்று கவலைப்படும் தாய்க்கு

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது நடக்கிறது. குடியாத்தம் பக்கத்தில் எங்கள் ஊர் அங்கன்வாடிக்குப் போகிறாள். பக்கத்து வீட்டுப் பையனுக்கும் அதே வயதுதான். தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. படிக்கிறான், ஐம்பது வரை எண்கள் எழுதுகிறான், ஆங்கில எழுத்துகளை ஒப்பிக்கிறான். இவளோ அங்கே போனாலும் விளையாட்டு, வீட்டுக்கு வந்தாலும் விளையாட்டு. மண், தண்ணீர், சொப்பு, இவைதான் உலகம். பென்சிலைக் கொடுத்தால் இரண்டு கோடு கிழித்துவிட்டு ஓடிவிடுகிறாள். 'ஓர் எழுத்துகூடத் தெரியவில்லையே, நாளைக்கு ஒன்றாம் வகுப்பில் யார் சேர்த்துக்கொள்வார்கள்?' என்று மாமியார் தினமும் கேட்கிறார். கடன் வாங்கியாவது அந்தப் பள்ளியில் சேர்த்துவிடலாமா?

பதில்: எழுத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம் அம்மா. மண், தண்ணீர், சொப்பு என்று நீங்கள் குறையாக எழுதியிருப்பவைதான், நான்கு வயதுப் பிள்ளையிடம் நாங்கள் முதலில் விசாரிக்கும் விஷயங்கள். அவை இல்லையென்றால்தான் கவலைப்படுவோம்.

பென்சிலைப் போட்டுவிட்டு ஓடுவது சோம்பேறித்தனம் அல்ல. மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது எட்டும் வெறும் குருத்தெலும்புதான். ஒன்றன்பின் ஒன்றாக, வருடக்கணக்கில் அவை இறுகுகின்றன. கடைசி எலும்பு இறுகத் தொடங்கவே ஏறக்குறைய எட்டு வயதுக்கு மேல் ஆகிவிடுகிறது. விரல்களின் சிறு தசைகளும் இந்த வயதில் வலுப்பெற்றுக்கொண்டுதான் இருக்கின்றன. அந்தக் கையை நான்கு வரி நோட்டில் பக்கம் பக்கமாக எழுத வைத்தால் பிள்ளை பென்சிலை முஷ்டியால் இறுக்கிப் பிடிக்கும், கை வலிக்கும், எழுத்து என்றாலே முகம் சுளிக்கும். அந்த வெறுப்பைப் பிறகு போக்குவதுதான் பெரும்பாடு.

அதற்குப் பதில், காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடும்போது அவள் கையிலும் கொஞ்சம் கோலமாவு கொடுங்கள். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் மாவை எடுத்து, நடுவிரல் தாங்க, சீராக உதிர்க்க வேண்டும். பென்சிலுக்கு வேண்டிய பிடியும் ஏறக்குறைய இதுதான். முதல் வாரம் மாவு குவியலாகக் கொட்டும். பிறகு புள்ளி பொட்டாக விழும். அதற்குப் பிறகு இரண்டு புள்ளிகளைச் சேர்க்க ஒரு கோணல் கோடு வரும். சப்பாத்தி மாவைப் பிசைவது, பட்டாணி உரிப்பது, ஈரத்துணியைப் பிழிவது எல்லாமே இந்தக் கணக்கில் சேர்த்திதான். விஜயதசமியன்று பிள்ளையின் விரலைப் பிடித்து நெல்லிலும் அரிசியிலும் எழுதவைத்த நம் பெரியவர்கள் அன்றைக்குப் பென்சிலைத் தேடவில்லை.

கையைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. வேலூருக்குப் போய்வந்த மறுநாள் பிள்ளைகள் வீட்டில் பஸ் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். பாய்தான் பஸ், வேப்பிலைதான் டிக்கெட், புளியங்கொட்டைதான் சில்லறை. 'பள்ளிகொண்டா இறங்கு' என்று ஒரு குரல். பாட்டிக்கு டிக்கெட் இலவசம், தாத்தா மட்டும் காசு கொடுக்க வேண்டும் என்பதுவரை எல்லாம் கச்சிதமாக நடக்கும். இதில் என்ன படிப்பு இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். வேப்பிலை கையில் இருக்கிறது, ஆனால் அது வேப்பிலை அல்ல, டிக்கெட் என்று மனத்தில் நிறுத்திக்கொள்கிறாளே, அதுதான் படிப்பு. கண்ணுக்குத் தெரியும் ஒன்று, கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றைக் குறிக்கும் என்பதை இப்படித்தான் பழகுகிறாள். பலகையில் உள்ள மூன்று கோடுகள் வெறும் கோடுகள் அல்ல, 'ப' என்ற ஒலி என்று புரிந்துகொள்வதற்கும் இதே திறன்தான் வேண்டும். ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1930களிலேயே இதை எடுத்துச் சொன்னார். பொருளிலிருந்து பொருளின் அர்த்தத்தைப் பிரித்தெடுக்கப் பிள்ளை முதலில் கற்பது பாவனை விளையாட்டில்தான் என்பது அவர் கருத்து. கண்டக்டராக இருக்கும்வரை அவள் உட்கார மாட்டாள், பயணிகளிடம் மரியாதையாகப் பேசுவாள், சண்டை வந்தால் சமாதானம் செய்வாள். நாம் ஆயிரம் முறை சொல்லியும் கேட்காத பிள்ளை, தானே ஏற்றுக்கொண்ட வேடத்துக்குக் கட்டுப்படுகிறது.

தெருவில் ஆடும் கல்லா மண்ணாவையும் இப்படிப் பாருங்கள். ஊருக்கு ஊர் விதி சற்று மாறும். பிடிப்பவர் 'மண்' என்று கேட்டுவிட்டால் மண் அவருக்கு, மற்றவர்களுக்குக் கல். அடுத்த ஆட்டத்தில் அது தலைகீழாகும். ஓடிக்கொண்டே விதியை நினைவில் வைக்க வேண்டும், மாறினால் மனத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும், கால் தானாக மண்ணில் இறங்கும்போது அடக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பு ஆசிரியரைக் கேட்டால், எழுத்து தெரிந்த பிள்ளையைவிட, சொன்னதைக் கேட்டு, தன் முறை வரும்வரை காத்திருக்கத் தெரிந்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது சுலபம் என்பார்.

எண்ணுக்கு வருகிறேன். ஐம்பது வரை வரிசையாக எழுதுவது ஒன்று, எண்ணத் தெரிவது வேறு. உங்கள் மகளிடம் 'நான்கு புளியங்கொட்டை எடுத்து வா' என்று சொல்லிப் பாருங்கள். சரியாக நான்கைக் கொண்டுவந்தால் இந்த வயதுக்கு அது நல்ல நிலை. வீட்டில் பல்லாங்குழி இருந்தால் இறக்குங்கள். இல்லாவிட்டால் தரையில் பதினான்கு வட்டம் போட்டால் போதும். குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகும்போது ஒரு காய்க்கு ஓர் எண் என்பது கைவழியே ஏறுகிறது. குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்கிறோம் அல்லவா, அப்போது பிள்ளை எண்ணாமலேயே நான்கைக் கண்ணால் அறியப் பழகுகிறது. கணிதத்துக்கு மிக நல்ல தொடக்கம் இது. வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட கைக்குழந்தை இருந்தால் மட்டும் கொட்டைகளை எண்ணி எடுத்துவையுங்கள். தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

'அப்படியானால் சும்மா விளையாட விட்டுவிட்டால் எல்லாம் வந்துவிடுமா?' என்றால், வராது. 2022-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தொடக்கக் கணிதம், வடிவங்களை அறிதல் போன்றவற்றில், நேரடியாகப் பாடம் நடத்துவதைவிட, பெரியவர் உடனிருந்து மெல்ல வழிகாட்டும் விளையாட்டு அதிகப் பலன் தந்தது. வழிகாட்டுவது என்றால் பாடமெடுப்பது அல்ல. அவள் தண்ணீரில் அளைந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, 'இந்தச் செம்பு நிறைய எத்தனை டம்ளர் வேண்டும்?' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவள் ஊற்றிப் பார்க்கட்டும், சிந்தட்டும், தப்பாகச் சொல்லட்டும். தினமும் கால் மணி நேரம் இப்படி உட்கார்ந்தால் போதும். மீதி நேரம் அவளுடையது.

செல்போனை நான் விளையாட்டில் சேர்ப்பதில்லை. மூன்று, நான்கு வயதில் திரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார அமைப்பு 2019-இல் சொன்ன வரம்பு. ஓடியாட மூன்று மணி நேரமாவது வேண்டும் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. நம் வேலூர் வெயிலில் சித்திரை, வைகாசி மதியங்களில் வெளியே விட முடியாது. காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் வெளியே விடுங்கள். மதியத்தில் கட்டிலின் மேல் பழைய புடவையைத் தொங்கவிட்டு வீடு கட்டிக்கொள்ளட்டும்.

நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒரு நாள் பத்து, பத்தரை மணிக்குச் சொல்லாமல் அங்கன்வாடிக்குப் போய்ப் பாருங்கள். நம் மாநில அங்கன்வாடிகளுக்கு 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற முன்பருவக் கல்விப் பாடத்திட்டம் இருக்கிறது. கதை, பாட்டு, படம், அடுக்கும் கட்டைகள் புழங்குகின்றனவா, பிள்ளைகள் பேசும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். பெயருக்குத் திறந்து, பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துச் சாப்பாட்டு நேரம்வரை காக்கவைக்கும் இடமாக இருந்தால் பணியாளரிடம் கேளுங்கள். மாறாவிட்டால் வேறு இடம் பார்ப்பதில் தவறில்லை. தனியார் பள்ளியையும் இதே கண்ணால் பாருங்கள். மணலும் கதையும் ஓடியாட இடமும் உள்ள தனியார் பள்ளிகளும் உண்டு. தேசிய அளவில் 2022-இல் வெளியான அடிப்படைநிலைக் கலைத்திட்டமே மூன்று முதல் ஆறு வயதுவரை பாடநூல் தேவையில்லை என்கிறது.

ஒன்றாம் வகுப்பில் யார் சேர்ப்பார்கள் என்ற பயம் வேண்டாம். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி சேர்க்கைக்காகப் பிள்ளைக்குத் தேர்வு வைப்பது குற்றம், அபராதமும் உண்டு. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்றாம் வகுப்பே ஆட்டம், பாட்டு, பொம்மலாட்டத்தோடுதான் நடக்கிறது.

எழுதவில்லை என்பதற்காக அல்ல, வேறு சிலவற்றுக்காக மருத்துவரைப் பார்க்க வேண்டியிருக்கும். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமலிருப்பது, பேசிய வார்த்தைகள் குறைந்துபோவது, வெளியாருக்குப் புரியாத பேச்சு, மற்ற பிள்ளைகளைக் கண்டுகொள்ளாமல் ஒரே பொருளை ஒரே விதமாகச் சுற்றிக்கொண்டிருப்பது, இந்த வயதிலும் பாவனை விளையாட்டே இல்லாமலிருப்பது, அடிக்கடி விழுவது. இவற்றில் ஏதேனும் இருந்தால் 'பிறகு சரியாகிவிடும்' என்று காத்திருக்காதீர்கள். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வரும் பள்ளிச் சிறார் மருத்துவக் குழுவிடம் சொல்லலாம். வேலூர் சி.எம்.சி.யில் குழந்தை வளர்ச்சிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

மாமியாரிடம் விவாதிக்க வேண்டாம். பல்லாங்குழியை அவரிடமே ஒப்படையுங்கள். இரவில் ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள். கதை கேட்டுக் கேட்டுச் சொல்வளம் பெருகிய பிள்ளைக்குப் பின்னாளில் வாசிப்பு எளிதாகிறது. மகளே ஒரு நாள் 'என் பேரை எழுதிக் காட்டு' என்று வந்து நிற்பாள். அன்றைக்குத் தடையில்லாமல் காட்டுங்கள். சிலேட்டும் கட்டைச் சாக்பீஸும் போதும். ட, ப போன்ற நேர்கோட்டு எழுத்துகள் முதலில், சுழி உள்ள இ, ஐ எல்லாம் கை பழகிய பிறகு. ஐந்து நிமிடத்தில் அவள் எழுந்து ஓடினால் விட்டுவிடுங்கள்.