மிக்சியில் ஸ்குரூ பிடிக்கும் பிளாஸ்டிக் உடைந்தால் பாடியையே மாற்ற வேண்டுமா?

மிக்சி அடிமூடியின் ஸ்குரூ இறங்கும் தூண் உடைந்துவிட்டது, சூப்பர் குளூ போட்டும் நிற்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். சர்வீஸ் சென்டரில் பாடியையே மாற்றச் சொல்லியிருப்பார்கள். அவசரப்பட வேண்டாம்.

நான் இன்ஜினியர் இல்லை, ஐ.டி.ஐ. ஃபிட்டர். கோவையில் அப்பாவின் ரிப்பேர் கடையில் பதினெட்டு வருடம் மிக்சியும் கிரைண்டரும் பிரித்து மாட்டியவன். புத்தகப்படி இது தப்பு என்று யாராவது வந்தால், என் கைப்பட்டதை மட்டும்தான் சொல்கிறேன்.

கடைக்கு வந்த புதிதில் ஒரு டீச்சரம்மாவின் மிக்சி வந்தது. அதிர்வில் ஸ்குரூ லூசாகிறதே என்று, மரை கழலாமல் பிடிக்கும் திரெட்லாக்கரை நாலு ஸ்குரூவிலும் ஒவ்வொரு சொட்டு விட்டு முறுக்கினேன். இரும்பில் அப்படித்தானே செய்வோம். மறுநாள் காலையில் திறந்தால் நாலு தூணிலும் மேலிருந்து கீழ்வரை தலைமுடி கனத்துக்கு விரிசல். ஒன்று, விரல் பட்டதும் முறுக்குத் துண்டு மாதிரி கையோடு வந்துவிட்டது. அப்பா திட்டவில்லை. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இரும்புக்குப் பார்க்கிற வைத்தியத்தை இதுக்குப் பார்க்காதேடா" என்றார்.

மிக்சி பாடி பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக். ஸ்குரூ இறுகிய இடத்தில் அது ஏற்கெனவே விம்மிக்கொண்டிருக்கும். அங்கே அந்தத் திரவம் பட்டால் வெடித்துவிடும். சூடும் சேர்ந்துகொள்ளும். ஒரே சூட்டுக்கு இரும்பைவிட ஏபிஎஸ் ஆறேழு மடங்கு விரியும். மோட்டார் சூடாகி ஆறும் ஒவ்வொரு தடவையும் இரண்டும் இழுபறிதான். சூப்பர் குளூ காய்ந்தால் விறைத்துவிடும், அதிர்வைத் தாங்காது.

சரி, உங்கள் தூணுக்கு வருவோம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியின் உட்புறம் பாருங்கள், பெரும்பாலும் பிளாஸ்டிக்கின் வகை ஏபிஎஸ் (ABS) என்று அச்சில் இருக்கும். பிபி (PP, பாலிப்ரொப்பிலீன் என்ற வேறு பிளாஸ்டிக்) என்று இருந்தால் எந்தப் பசையும் சரியாக ஒட்டாது, விட்டுவிடுங்கள். ஏபிஎஸ் என்றால், அதே பிளாஸ்டிக்கின் துருவலை, அதைக் கரைக்கும் அசிட்டோன் திரவத்தில் ஊறவைத்துக் கூழாக்கி, அதைத் தடவித் தூணை நிறுத்துங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு பக்கம் வேண்டவே வேண்டாம், குப்பென்று தீப்பிடிக்கும். ஒரு முழு நாள் காயட்டும். அப்புறம் பித்தளை இன்சர்ட்டை, அதாவது உள்ளே மரையும் வெளியே சொரசொரப்பும் வெட்டிய சின்னக் குழலை, அதைவிடச் சற்றுச் சிறிய துளையில் வைத்து, சோல்டரிங் அயர்ன் முனையால் மெதுவாக அழுத்துங்கள். இளகிய பிளாஸ்டிக் அந்த வெட்டுகளுக்குள் ஏறிக் கவ்விக்கொள்ளும். இனி ஸ்குரூ பித்தளையில்தான் ஏறி இறங்கும். பழைய கூர் ஸ்குரூ அதற்கு ஆகாது, இன்சர்ட்டின் மரைக்குப் பொருந்தும், முனை கூராக இல்லாத மெஷின் ஸ்குரூ வாங்கிக்கொள்ளுங்கள்.

மிக்சியே இரண்டாயிரம்தான், இதற்கு இவ்வளவு மெனக்கெடவா என்பார்கள். அப்படிச் சொன்னவர்கள் விட்டுப்போன மிக்சிகள்தான் எங்கள் கடைப் பரணில் நிறைய. "நாளைக்கு வர்றேன்" என்பார்கள். பார்ட்ஸ் வாங்கிப் போட்டு, துடைத்து, பேர் ஒட்டி வைத்திருப்போம். ஃபோன் எடுக்க மாட்டார்கள். கைக்காசு போட்டு வேலை செய்தவனுக்கு வலிக்காதா?

உடையாத மற்ற மூன்று தூண்களையும் காப்பாற்றுங்கள். ஸ்குரூவைத் துளையில் வைத்ததும் நேரே முறுக்காமல் முதலில் பின்பக்கமாக, கழற்றும் திசையில் சுற்றுங்கள். பழைய மரையில் விழும்போது டக்கென்று ஒரு சின்ன இறக்கம் விரலுக்குத் தெரியும். அங்கிருந்து முன்பக்கம் முறுக்கி, தலை மூடியைத் தொட்டதும் கையை எடுத்துவிடுங்கள்.