மென்பொருள் கையேடு எழுத ஆள் எடுப்பது: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பில்லிங் மென்பொருளுக்கு டெக்னிக்கல் ரைட்டர் தேடுகிறோம். வந்த மாதிரிகள் எல்லாமே நன்றாக இருக்கின்றன. யாரை எடுப்பது?

பதில்: மாதிரியை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதில் எடிட்டரின் கை எவ்வளவு என்று தெரியாது. உங்கள் ஏபிஐயில் (வேறு மென்பொருள்கள் உங்கள் மென்பொருளோடு பேசும் வழி) ஒரே ஒரு எண்ட்பாயிண்ட் (ஒரு குறிப்பிட்ட வேலைக்கான முகவரி), ஒரு சோதனைக் கணக்கு, சந்தேகம் கேட்க ஒரு டெவலப்பர், இவற்றைக் கொடுத்து ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். மூன்று மணி நேர வேலையாக இருக்கட்டும். அதற்குப் பணமும் கொடுத்துவிடுங்கள்.

எழுதிய பக்கத்தைவிட, அவர் கேட்ட கேள்விகளை முதலில் பாருங்கள். "ஏபிஐ கீயை உள்ளிடவும்" என்று எழுதிவிட்டு அடுத்த படிக்குப் போகிறவர் வேண்டாம். கீ (ஏபிஐயைப் பயன்படுத்தத் தேவையான ரகசியக் குறியீடு) எந்த மெனுவில் இருக்கிறது, அட்மின் அல்லாதவருக்கு அந்த மெனு தெரியுமா, கீ தவறாக இருந்தால் 401 என்ற பிழை எண், கீ சரியாக இருந்தும் அனுமதி இல்லாவிட்டால் 403 வருகிறதா என்று ஓட்டிப் பார்த்துக் கேட்கிறவரை விட்டுவிடாதீர்கள். வாடிக்கையாளர் தடுக்கி சப்போர்ட்டுக்கு போன் போடுவது அந்த இடத்தில்தான்.

கேள்வி: வார்த்தைக்கு இவ்வளவு என்று பேசலாமா மேடம்?

பதில்: வேண்டாம். நல்ல கையேடு திருத்தத் திருத்தச் சுருங்கும். வார்த்தைக் கணக்கில் சுருக்குகிறவருக்குத்தான் நஷ்டம். பக்கங்களைப் பட்டியலிட்டு, இரண்டு சுற்றுத் திருத்தம் சேர்த்து மொத்தமாகப் பேசுங்கள். பட்டியலே தெளிவாகவில்லை என்றால் மணிக்கணக்கு.

கேள்வி: ஃப்ரீலான்ஸருக்குப் பணம் கொடுத்தாயிற்று. எழுதியது எங்களுடையதுதானே?

பதில்: தானாக ஆகிவிடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 17-இன்படி, ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனத்துக்குச் சொந்தம். ஃப்ரீலான்ஸர் எழுதியதற்குப் பொதுவாக அவரே முதல் உரிமையாளர். அவர் கையெழுத்திட்டு, உரிமையை எழுத்தில் மாற்றித் தர வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: பிரிவு 19-இன்படி, காலத்தைக் குறிப்பிடாவிட்டால் அந்த உரிமை மாற்றம் 5 ஆண்டுக்கு மட்டும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வெளிநாட்டில் விற்கும் மென்பொருள் என்றால் "உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்" என்று கட்டாயம் எழுதுங்கள். வரைவை வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: ஏஐ எழுதித் தருகிறதே, ஆள் எதற்கு?

பதில்: வரைவுக்கு உதவும். ஆனால் இல்லாத பாராமீட்டரையும் (கட்டளையோடு சேர்த்துத் தரும் விவரம்) இருப்பதுபோலவே எழுதிவிடும். ஒவ்வொரு கட்டளையையும் ஓட்டிப் பார்க்க ஆள் வேண்டும்.

கேள்வி: ஆளைச் சேர்த்தும் பக்கங்கள் வெளிவரவில்லை. எங்கே சிக்கல்?

பதில்: பெரும்பாலும் ரிவ்யூவில். "டீம் பார்க்கும்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு டெவலப்பர் பெயரைப் போட்டு, இரண்டு வேலை நாள் கெடு வையுங்கள். கையேட்டை மார்க்டவுனில் (எளிய குறிகளோடு எழுதும் எழுத்துக் கோப்பு), கோட் இருக்கும் அதே கிட் ரெப்போவில் (ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்யும் சேமிப்பிடம்) வையுங்கள். திரையோ ஏபிஐயோ மாறினால், கையேட்டுத் திருத்தம் இல்லாமல் புல் ரிக்வெஸ்ட்டை (கோட் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) மெர்ஜ் செய்யாதீர்கள், அதாவது சேர்க்காதீர்கள். ரிலீஸுக்கு முந்தைய வாரம் ரைட்டரைக் கூப்பிடும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள்; டிசைன் பேசும் கூட்டத்திலேயே அவர் உட்கார வேண்டும்.