முகப்பில் பதிந்தது அடுப்படித் திரைக்கு ஏன் வரவில்லை?

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டை விடுதியாக நடத்துகிறோம். பதிவு மென்பொருள் பைத்தானில் எழுதியது, தரவு இசட்.ஓ.டி.பி. (ZODB) என்ற பைத்தான் ஆப்ஜெக்ட் தரவுத்தளத்தில் இருக்கிறது; கணினிகள் அதை இசட்.இ.ஓ. (ZEO) சர்வர் வழியாகப் பகிர்ந்துகொள்கின்றன. முகப்புக் கணினியில் விருந்தினரைச் சேர்த்தாலும் அடுப்படித் திரையில் பழைய சாப்பாட்டு எண்ணிக்கையே நிற்கிறது. நிரலை மூடித் திறந்தால்தான் மாறுகிறது. என்ன வழி?

பதில்: தரவு பத்திரமாக இருக்கிறது. அடுப்படி நிரல் காலையில் தொடங்கிய பரிவர்த்தனையை (ஒரே தொகுப்பாக நடக்கும் படித்தல், எழுதுதல் வேலையை) விட்டு வெளியே வரவில்லை, அவ்வளவுதான். ஒரு பரிவர்த்தனை தொடங்கும்போது தரவு எப்படி இருந்ததோ, முடியும்வரை அப்படியேதான் தெரியும். முகப்பில் கமிட் ஆனதும், அதாவது மாற்றம் நிலையாகப் பதிவானதும், இன்னின்ன ஆப்ஜெக்ட் (சேமித்த தரவுப் பொருள்) மாறிவிட்டது என்று சர்வர் மற்ற நிரல்களுக்குச் சொல்லிவிடுகிறது. புதிய மதிப்பு அதோடு வராது. கையிலுள்ள பிரதி செல்லாது என்ற தகவல் மட்டுமே வரும். அதுவும் அடுத்த பரிவர்த்தனையில்தான் நடைமுறைக்கு வரும்.

எனவே திரையைப் புதுப்பிக்குமுன் ஒவ்வொரு முறையும் 'டிரான்சாக்‌ஷன் பிகின்' அழையுங்கள். பிறகு எண்ணிக்கையை ஆப்ஜெக்டிலிருந்தே மறுபடி படியுங்கள். நிரல் தொடங்கும்போது ஒரு மாறியில் எடுத்துவைத்த எண், எத்தனை பிகின் அழைத்தாலும் மாறாது. பலர் தடுக்கி விழும் இடம் இது.

உடனுக்குடன் தெரிய வேண்டுமென்று சிலர் தரவுத்தளத்துக்குள்ளேயே ஒரு செய்திப் பெட்டி ஆப்ஜெக்ட் வைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இருவர் ஒரே நேரத்தில் அதில் எழுதினால் பிந்தியவரின் கமிட் 'கான்ஃப்ளிக்ட் எரர்' என்று முறியும். போதாததற்கு, ஒவ்வொரு செய்தியும் கோப்பின் கடைசியில் சேர்ந்து, 'பேக்' செய்து பழைய பதிப்புகளை நீக்கும்வரை கோப்பு வீங்கிக்கொண்டே போகும். ஜெம்ஸ்டோன், ஆப்ஜெக்ட்ஸ்டோர் போன்ற வேறு ஆப்ஜெக்ட் தரவுத்தளங்களில் ஒரு நிரல் மற்றொன்றுக்குக் குறிப்பு அனுப்பும் வசதி உள்ளேயே உண்டு. இங்கே அதை நாம் வெளியே அமைக்க வேண்டும்; நிரல்களுக்கிடையே செய்தி அனுப்ப உதவும் ரெடிஸ் என்ற மென்பொருள் போதும். செய்தியில் மாறிய ஆப்ஜெக்டின் அடையாள எண்ணை மட்டும் அனுப்புங்கள். கமிட் வெற்றியான பிறகே அனுப்ப வேண்டும். அதற்கு, கமிட் முடிந்ததும் நாம் கொடுத்த செயலை அழைக்கும் 'ஆஃப்டர் கமிட் ஹுக்' இருக்கிறது.

அப்போதும் ஒரு சிக்கல் உண்டு. ரெடிஸ் செய்தி, சர்வரின் தகவலை முந்திக்கொண்டு வந்துவிடலாம். அடுப்படி நிரல் புதுப் பரிவர்த்தனை தொடங்கியும் பழையதையே படிக்கும். இசட்.இ.ஓ. இணைப்பில் 'சர்வர் சிங்க்' அமைப்பை இயக்கினால், பரிவர்த்தனை தொடங்கும்போது சர்வரிடம் ஒருமுறை போய் வந்து, நிலுவைத் தகவல்களைப் பெற்ற பிறகே படிக்கும்.

கேட்கும் நிரல் இணைப்பில் இல்லாத நேரத்தில் ரெடிஸில் ஒலிபரப்பான செய்தி மீண்டும் கிடைக்காது. ஆகவே செய்தி வந்தாலும் வராவிட்டாலும், நிமிடத்துக்கு ஒருமுறை திரை தானே புதுப்பித்துக்கொள்ளட்டும்.