சாஸ்கடூனுக்கு வடக்கே ஒரு நாள்: கேட்டதும் சொன்னதும்

கனடாவின் சாஸ்காட்சுவான் மாகாணத்தில், சாஸ்கடூன் நகரத்தைச் சுற்றியுள்ள கிராமப்பக்கம் சுற்றிப் பார்க்கக் கேட்டிருந்த கேள்விகளுக்கு என் பதில்கள். இந்த ரோடுகளில் பல வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், அந்தத் தைரியம்தான்.

கேள்வி: அண்ணா, டொரொண்டோவில் இருந்து வருகிறோம். கையில் ஒரே ஒரு நாள். எங்கே போவது?

பட்டோஷ், 1885இல் சண்டை நடந்த பழைய ஊர். சாஸ்கடூனில் இருந்து 11ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ரோஸ்தெர்ன் வரை, அங்கிருந்து கிழக்கே 312, ஆற்றுப் பாலம் தாண்டி 225. ஒரு மணி நேரம் போல ஆகும். கோடையில் மட்டும்தான் திறப்பார்கள், நாளையும் நேரத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: போட்டோவில் பார்த்தால் புல்வெளியும் ஒரு சர்ச்சும்தான் தெரிகிறது. இதற்கா இவ்வளவு தூரம்?

போட்டோவில் அப்படித்தான் இருக்கும். சர்ச்சுக்குப் பக்கத்திலேயே பாதிரியார் வீடு, வெள்ளை மர வீடு. அதன் சுவரில் துப்பாக்கிக் குண்டு துளைத்த ஓட்டைகளை இன்னும் அப்படியே வைத்திருக்கிறார்கள். விரலை வைத்துப் பார்க்கத் தோன்றும், வேண்டாம்.

1885 மே 9 முதல் 12 வரை நாலு நாள் சண்டை நடந்த இடம் இது. ஒரு பக்கம் லூயி ரியெல், கேப்ரியல் டுமோன் தலைமையில் மேட்டி மக்கள். பழங்குடித் தாய்மாருக்கும் விலங்குத் தோல் வாங்கி விற்ற பிரெஞ்சு வணிகருக்கும் பிறந்து, தனி இனமாகவே ஆனவர்கள். இன்னொரு பக்கம் ஜெனரல் மிடில்டனின் கனடா படை, 800 பேருக்கு மேல், விடாமல் சுடும் கேட்லிங் துப்பாக்கியோடு. முதல் நாள் ஆற்று வழியாக நார்த்கோட் என்ற நீராவிப் படகும் வந்தது. மேட்டிகள் படகுத்துறைக் கம்பியை ஆற்றின் குறுக்கே தாழ்த்திப் பிடித்தார்கள். படகு கவிழவில்லை, ஆனால் புகைபோக்கிகள் பிய்த்துக்கொண்டு போயின. கடைசி நாள் குண்டு தீர்ந்து கல்லையும் ஆணியையும் போட்டுச் சுட்டார்கள். ரியெலை அதே வருஷம் நவம்பர் 16 அன்று ரெஜைனாவில் தூக்கில் போட்டார்கள். டுமோன் அமெரிக்காவுக்குத் தப்பினார். பின்னால் ஊர் திரும்பி 1906இல் இறந்தார். ஆற்றைப் பார்த்தபடி இருக்கும் கல்லறைத் தோட்டத்தில்தான் அவர் சமாதி. முதலில் அங்கே போய் நில்லுங்கள், மியூசியம் அப்புறம்.

கேள்வி: சண்டை எதற்கு?

நிலத்துக்கு. மேட்டிகளின் காணி ஒவ்வொன்றும் ஆற்றங்கரையில் தொடங்கி நீளமாக உள்ளே போகும் ஒடுக்கமான பட்டை. எல்லாருக்கும் தண்ணீர், மரம், புல், பக்கத்திலேயே அடுத்த வீடு. அரசாங்கத்துச் சர்வேயோ ஊரையே ஒரு மைல் சதுரங்களாகப் போட்டது. சதுரத்தின் கோடு நேரே ஒருவர் வயலை வெட்டிக்கொண்டு போகும். மனு மேல் மனு எழுதினார்கள், சரியான பதில் வரவில்லை. தோற்ற பிறகு நிலத்தை இழந்த பலர், ரோடு போடுவதற்கென்று சர்வேயில் விட்டிருந்த ஒதுக்குப்புற நிலத்தில் குடிசை போட்டுத் தலைமுறைகளாக வாழ்ந்தார்கள்.

நீங்கள் ஓட்டப்போகும் கிரிட் ரோடும், அதாவது அந்தக் கோடுகள் மேல் போட்ட கிராமத்து ரோடும், அதே சதுரம்தான்.

கேள்வி: கிரிட் ரோட்டில் வாடகைக் காரை ஓட்டலாமா?

காய்ந்திருந்தால் ஓட்டலாம், மெதுவாக. கிழக்கு மேற்காகப் போனால் மைலுக்கு ஒரு குறுக்கு ரோடு, வடக்கு தெற்காகப் போனால் இரண்டு மைலுக்கு ஒன்று. எண்ணிக்கொண்டே போனால் வழி தவறாது. போன் சிக்னல் போனாலும் கவலையில்லை. மழை பெய்திருந்தால் மட்டும் சரளை போடாத மண் ரோட்டுப் பக்கமே போகாதீர்கள். களிமண் டயரில் அப்பி, சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். நான் ஒருமுறை மாட்டிக்கொண்டு, டிராக்டர் வந்து இழுக்கும் வரை இரண்டு மணி நேரம் நின்றேன்.

கேள்வி: பெட்ரோல், டாய்லெட், சைவச் சாப்பாடு?

முதல் இரண்டையும் ரோஸ்தெர்னில் முடித்துவிடுங்கள். சின்ன ஊரில் பங்க் இருக்கும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். சைவத்துக்குப் பெரோகி கேளுங்கள். உருளைக்கிழங்கும் சீஸும் வைத்த கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். "மேலே பேக்கன் வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இலையுதிர் காலத்தில் வந்தால் ஊர் மண்டபங்களில் ஃபவுல் சப்பர் என்ற பொது விருந்து நடக்கும். டிக்கெட் வாங்கிவிட்டு யாரும் போய் உட்காரலாம். வான்கோழிதான் பிரதானம், சைவக்காரர்களுக்குப் பழம் வைத்துச் சுட்ட ‘பை’ பலகாரம் மட்டும் போதும். சாஸ்கடூன் பெர்ரி பை கிடைத்தால் விடாதீர்கள். எலாஸ்டிக் பேண்ட் போட்டுப் போங்கள்.

கேள்வி: ரோஸ்தெர்னில் பார்க்க ஏதாவது?

ஊருக்குக் கிழக்கே சீகர் வீலர் பண்ணை. 1911இல் நியூயார்க்கில் உலகின் சிறந்த கோதுமைக்கு 1000 டாலர் தங்கம் வாங்கியவர். அவர் விதைத்தது மார்க்விஸ் ரகம். அந்த ரகத்தின் தாய் தந்தையில் ஒன்று ரெட் ஃபைஃப், இன்னொன்று ஹார்டு ரெட் கல்கத்தா, பெயரைப் பார்த்தாலே தெரியும், நம் ஊர்ப்பக்கத்து ரகம். மார்க்விஸ் ஒரு வாரம் போல முன்கூட்டி விளைந்துவிடுவதால் பனிக்குத் தப்பியது. இந்தச் சமவெளி கோதுமை நாடானதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

கேள்வி: திரும்பும்போது வேறு வழி?

பட்டோஷுக்கு வடக்கே செயின்ட் லாரன்ட் படகு. காரோடு ஏறலாம், காசு கிடையாது, கம்பியில்தான் போகும். ஆறு உறைந்தால் ஓடாது. அக்கரையில் டக் லேக்; 1885 மார்ச் 26 அன்று முதல் சண்டை நடந்தது அதன் பக்கத்தில்தான். நேரம் இருந்தால் அதற்கும் மேற்கே ஃபோர்ட் கார்ல்டன், 1876இல் அரசும் பழங்குடிகளும் செய்த ஆறாவது உடன்படிக்கை கையெழுத்தான இடம்.

கேள்வி: சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், சலிக்காத இடம்?

வனுஸ்கேவின் என்ற பழங்குடிப் பாரம்பரியப் பூங்கா, சாஸ்கடூனுக்குப் பக்கத்திலேயே. 2019இல் பைசன் என்ற காட்டெருமைகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அடுத்த வருஷம் அவை புழுதியில் புரண்டு மண்ணைக் கிளறியதில் பாறைச் செதுக்கல் வெளியே வந்தது! புல்லில் நடந்த பின் பிள்ளைகள் காலில் உண்ணி ஏறியிருக்கிறதா பாருங்கள், மே ஜூனில் கட்டாயம்.

கேள்வி: எதிரே வரும் லாரிக்காரர்கள் எல்லாரும் ஒரு விரலைத் தூக்குகிறார்கள். திட்டுகிறார்களா?

ஆள்காட்டி விரல்தானே? வணக்கம் சொல்கிறார்கள். நீங்களும் ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்காமல் ஒரு விரலை மட்டும் தூக்குங்கள். வேறு விரலாக இருந்தால், அவர் வயல் வாசலை அடைத்து வண்டியை நிறுத்தியிருப்பீர்கள்.