பெண்ணியத்தைப் பெண்களே ஏன் எதிர்க்கிறார்கள்? அடிமைப் புத்திதான் காரணமா?

அப்படித்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது இல்லை. பாதிக் காரணம் மன்னார்குடியில் இருக்கும் என் அத்தை. மீதிப் பாதி, அத்தை கேள்வியே பட்டிராத ஓர் அமெரிக்கப் பெண்மணி. அவரிடமிருந்து தொடங்குகிறேன்.

1972 மார்ச்சில் அமெரிக்க செனட் ஓர் அரசியல் சட்டத் திருத்தத்தை 84-க்கு 8 என்ற கணக்கில் நிறைவேற்றியது. ஆணா பெண்ணா என்பதை வைத்து யாருக்கும் சட்டத்தில் சம உரிமையை மறுக்கக் கூடாது. விஷயம் அவ்வளவுதான். 38 மாநிலங்கள் ஒப்புக்கொண்டால் போதும், சட்டத்தில் ஏறிவிடும். அந்த ஆண்டு முடிவதற்குள் 22 மாநிலங்கள் ஒப்புதல் கொடுத்துவிட்டன. இரண்டு பெரிய கட்சிகளும் ஆதரவு, அதிபர் நிக்ஸனும் ஆதரவு. முடிந்துபோன காரியம் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

குறுக்கே வந்து நின்றவர் பிலிஸ் ஷ்லாஃப்லி. இல்லினாய் மாநிலத்தில் ஆல்டன் என்ற சிறு ஊர், வக்கீல் கணவர், 6 பிள்ளைகள். அவர் தொடங்கிய இயக்கத்தின் பெயர் 'ஸ்டாப்'. எங்கள் சலுகைகளைப் பறிக்காதீர்கள் என்று அதற்கு விரிவாக்கம். உரிமையைக் கேட்டுப் போராடுகிறவர்களுக்கு எதிராக, சலுகையைக் காப்பாற்றப் போராட்டம்! இவருடைய ஆட்கள் கூச்சல் போடவில்லை. வீட்டில் சுட்ட ரொட்டியும் ஜாமும் எடுத்துக்கொண்டுபோய்ச் சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கொடுத்துவிட்டு, "எங்களை இப்படியே இருக்க விடுங்கள்" என்று சிரித்த முகத்தோடு கேட்டார்கள்.

இந்த அம்மாள் அடுப்படியிலேயே கிடந்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆயுதத் தொழிற்சாலையில் தோட்டாக்களைச் சுட்டுச் சோதிக்கும் வேலை பார்த்தபடியே கல்லூரியில் படித்தவர். ராட்கிளிஃப் கல்லூரியில் முதுகலை. நாடாளுமன்றத் தேர்தலில் இரண்டு முறை நின்று தோற்றார். அணு ஆயுத விவகாரம் பற்றிப் புத்தகம் எழுதினார். இந்தப் போராட்டத்தின் நடுவிலேயே, 1978-ல், சட்டப் படிப்பையும் முடித்தார். மேடை ஏறினால் "என்னை வர அனுமதித்த என் கணவருக்கு நன்றி" என்று ஆரம்பிப்பார். பெண்ணியவாதிகளுக்கு எரிச்சல் வரட்டும் என்றுதான் அப்படிச் சொல்வதாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஊருக்குத்தான் உபதேசம் என்று இவரை ஒதுக்கிவிடலாம். எனக்கும் இவர் மேல் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் இவர் பின்னால் போனார்களே அந்தப் பெண்கள், அவர்களை அப்படி ஒதுக்க முடியவில்லை.

அவர்கள் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். 20 வயதில் கல்யாணம். சொந்தச் சம்பாத்தியம் இல்லை, வேலை அனுபவம் இல்லை. இப்போது 45 வயது. கணவர் சோறு போட வேண்டியது அவர் கடமை என்ற ஏற்பாடு ஒன்றுதான் கையில் இருக்கிற சொத்து. 25 வருஷமாகப் பிரீமியம் கட்டிய பாலிசி மாதிரி. திடீரென்று சிலர் வந்து, இனி இருவரும் சமம், அவரவர் காலில் நிற்கலாம் என்கிறார்கள். 20 வயதுப் பெண்ணுக்கு அது நல்ல செய்தி. இவருக்கு, பாலிசி ரத்து என்று கடிதம் வந்தது போல. ராணுவத்துக்குப் பெண்பிள்ளைகளையும் கட்டாயமாக இழுப்பார்கள் என்ற பயம் வேறு. வியட்நாமிலிருந்து பிணங்கள் வந்துகொண்டிருந்த காலம் அது.

சரி, அந்தப் பாலிசி நிஜமாகவே இருந்ததா? நெப்ராஸ்கா மாநிலத்தில் 1953-ல் ஒரு வழக்கு. வசதியான விவசாயி, கணிசமான நிலமும் பணமும் உண்டு. மனைவி கையில் காசு தரமாட்டார். வீட்டுக்குள் குளியலறை இல்லை, சமையலறையில் தொட்டிகூடக் கிடையாது. முப்பது வருஷத்துக்கு மேல் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் கோர்ட்டுக்குப் போனார். மாநில உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? இருவரும் ஒரே வீட்டில்தானே வாழ்கிறீர்கள், அப்படியானால் அவர் உன்னைக் காப்பாற்றுகிறார் என்றுதான் அர்த்தம், நாங்கள் தலையிட முடியாது! ஷ்லாஃப்லி காக்கக் கிளம்பிய சலுகையின் லட்சணம் இது.

விவாகரத்து விஷயமும் அப்படித்தான். யார் மேலும் குற்றம் நிரூபிக்காமலே பிரிந்துபோகலாம் என்ற சட்டத்தில் 1969-ல் கலிஃபோர்னியாவில் கையெழுத்துப் போட்டவர் அப்போது அந்த மாநில ஆளுநராக இருந்த ரொனால்ட் ரீகன், பழமைவாதிகள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய அதே ரீகன். அப்போது அந்த நாட்டு ஓய்வூதியச் சட்டத்தில் இன்னொரு கொடுமையும் இருந்தது. விவாகரத்தான பெண்ணுக்கு முன்னாள் கணவரின் கணக்கில் பங்கு கிடைக்க, குறைந்தது 20 வருஷம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். 19-ஆம் வருஷம் அவர் கைவிட்டுவிட்டால் பூஜ்யம். 1977-ல்தான் அதை 10 ஆகக் குறைத்தார்கள். ஆக, அந்தப் பெண்களின் பயம் நியாயமானது. கைகாட்டிய எதிரிதான் தப்பு.

பெண்ணியப் பக்கத்தாரும் சும்மா இருக்கவில்லை. 1973-ல் நடந்த ஒரு விவாத மேடையில் பெட்டி ஃப்ரீடன் பொறுமை இழந்து, ஷ்லாஃப்லியைக் கம்பத்தில் கட்டி எரிக்க வேண்டும் போலிருக்கிறது என்றார். பெண் விடுதலைக்கு முன்னோடியாக இருந்தவர் வாயிலிருந்து வந்த வார்த்தை இது! வீட்டில் இருக்கும் ஒரு பெண் இதைக் கேட்டால் எந்தப் பக்கம் போவாள்? 1982 ஜூன் 30-ஆம் தேதியோடு திருத்தத்துக்கு ஒப்புதல் தருவதற்கான கெடு முடிந்தபோது ஒப்புதல் கொடுத்திருந்தவை 35 மாநிலங்கள். மூன்று குறைந்தது. இல்லினாய் அந்தக் கெடுவுக்குள் கடைசிவரை மசியவில்லை.

இனி அத்தை. மாமாவுக்கு மளிகைக் கடை. கடை, வீடு, பாங்க் கணக்கு எல்லாம் அவர் பெயரில். "பொம்பளை சம்பாதிக்கப் போனா வீடு வீடா இருக்காது" என்று அத்தை சொல்லாத நாள் கிடையாது. நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தபோது வீட்டில் முதலில் மறுத்தது அவர்தான். ஆனால் கடுகு டப்பாவுக்கு அடியில் எப்போதும் ஒரு சுருக்குப்பை இருக்கும். சிறுவாடு. மாமாவுக்குத் தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருந்தார். 'அவர் பார்த்துப்பார்' என்று ஊருக்கெல்லாம் சொன்ன அத்தை, பார்க்காவிட்டால் என்ன செய்வது என்று நாற்பது வருஷமாகக் கணக்குப் போட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார்.

மாமா போய் ஆறு வருஷம் ஆகிறது. அத்தையின் கருத்து இம்மியும் மாறவில்லை. பெண்ணியம் என்று சொன்னாலே முகத்தைச் சுளிப்பார். ஆனால் ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும், மற்றவர்கள் எழுந்து போனதும், குரலைத் தாழ்த்திக்கொண்டு இதை மட்டும் கேட்பார்: "ஏண்டி, சம்பளம் உன் கணக்குலதான விழுது?"